‘டீச்சர், வேதாளர் சாமியா, மனுசனா?’

(மதுரை சிம்மக்கல்லில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டமொன்றில், அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காமிக்ஸ் பற்றிப் பேசப் போகிறேன் என்று சொன்னதும் முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தீர்கள். அதில் தப்பில்லை. நம் தலைமுறையில் பாடப்புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த புத்தகம் அது. எங்கள் வீட்டில் அண்ணன்தான் வாடகைக்கு எடுத்து வருவான். அவன் படித்து முடித்து, அவன் நண்பன் படித்து முடித்து, திருப்பிக் கொடுக்கப் போகும் வழியில் என் கைக்கு அரை மணி நேரம் வரும். அந்த அரை மணி நேரத்தில் படித்தவை இன்னும் மறக்கவில்லை. இரும்புக்கை மாயாவி, மாண்ட்ரேக், வேதாளர்.

இளைய ஆசிரியர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். நம் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கும் சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் வரத் தொடங்கியது. முதல் இதழே ‘இரும்புக்கை மாயாவி’தான். பிறகு 1984இல் அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது. அதே ஆண்டில் ராணி காமிக்ஸும் வந்தது. பட்டாசுக்கும் தீப்பெட்டிக்கும் பெயர் போன ஊர், நாட்காட்டி அச்சடித்த கையோடு நமக்கு உலக நாயகர்களையும் அச்சடித்துக் கொடுத்தது.

இன்று நான் பேச வந்தது அந்த நாயகர்களின் வீரத்தைப் பற்றி அல்ல, அவர்களின் அதிகாரத்தைப் பற்றி. இவர்களை ஊர் ஏன் கும்பிடுகிறது? இவர்களுக்கு அந்த இடத்தை யார் கொடுத்தது? இந்தக் கேள்வியை நானாகக் கேட்கவில்லை. என் வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நான் அவனுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. அதைத்தான் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஒரு சிவப்பு மைத் தவறு

நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, ஏழாம் வகுப்பு நூலகப் பாடவேளை. அண்ணன் சேர்த்து வைத்திருந்த பழைய காமிக்ஸ் புத்தகங்களை ஒரு அட்டைப்பெட்டியில் கொண்டுபோயிருந்தேன். வாசிப்பில் ஆர்வம் இல்லாத பிள்ளைகள்கூடப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். வழக்கமாக வாயே திறக்காத மாணவன் ஒருவன் எழுந்து கேட்டான்: “டீச்சர், வேதாளர் சாமியா, மனுசனா?”

“ரெண்டும் இல்லப்பா, கற்பனை. படிச்சிட்டு வை” என்றேன். மணி அடித்துவிட்டது.

அடுத்த வாரம், ‘உனக்குப் பிடித்த சூப்பர் ஹீரோவை வரைந்து வா’ என்று வீட்டுப்பாடம் கொடுத்தேன். அவன் தன் குலசாமியை வரைந்து வந்தான். கருப்பசாமி. கையில் அரிவாள், முறுக்கு மீசை, வெள்ளைக் குதிரை. கூடவே முதுகில் சிவப்பு அங்கி பறக்கிறது. நெஞ்சில் பெரிதாக ‘க’ என்று ஓர் எழுத்து. உடம்பு முழுக்கக் கறுப்புக் கிரேயானை அழுத்தி அழுத்தித் தேய்த்திருந்தான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சாமியை எல்லாம் இப்படி வரையக் கூடாது. சூப்பர் ஹீரோன்னா ஸ்பைடர்மேன் மாதிரி யாரையாவது வரைஞ்சிட்டு வா.” வகுப்பு சிரித்தது. அவன் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். மறுநாள் ஸ்பைடர்மேன் வந்தது. ஏதோ அட்டையைப் பார்த்து வரைந்த, கோடு பிசகாத ஸ்பைடர்மேன். அதற்குச் சிவப்பு மையில் ‘மிக நன்று’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அப்போது எனக்கு அது தவறாகவே தெரியவில்லை. அந்தக் கோடை விடுமுறையில் பெட்டியிலிருந்த வேதாளர் கதைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் படித்தபோதுதான் அவன் கேட்ட கேள்வியின் ஆழம் புரிந்தது. வேதாளர் கதை முழுவதும் அந்த ஒரு கேள்வியின் மேல்தான் நிற்கிறது.

முகமூடிக்குள் இருப்பவர்

வேதாளரை ஆங்கிலத்தில் படைத்தவர் லீ ஃபாக். 1936 பிப்ரவரி 17இல் அமெரிக்க நாளிதழ்களில் படக்கதையாகத் தொடங்கியது. சூப்பர்மேன் வந்தது 1938இல். ஆகவே உடலை ஒட்டிய உடையும் முகமூடியும் அணிந்த நாயகர்களில் இவர் மூத்தவர்.

கதைப்படி 1536இல் கடற்கொள்ளையர்கள் ஒரு கப்பலைத் தாக்குகிறார்கள். ஓர் இளைஞன் மட்டும் பெங்காலா என்ற நாட்டின் கரையில் ஒதுங்குகிறான். பாண்டர் என்னும் குள்ள இன மக்கள் அவனைக் காப்பாற்றுகிறார்கள். தந்தையைக் கொன்றவனின் மண்டையோட்டின் மேல் கைவைத்து, கொள்ளையையும் கொடுமையையும் எதிர்ப்பேன், என் வம்சமும் எதிர்க்கும் என்று அவன் சத்தியம் செய்கிறான். அவனுக்குப் பின் மகன், மகனுக்குப் பின் பேரன் என்று அதே முகமூடியை அணிகிறார்கள். நாம் படிக்கும் வேதாளர் 21ஆவது தலைமுறை. காட்டு மக்களோ ஒரே ஆள் நானூறு ஆண்டுகளாகச் சாகாமல் இருக்கிறார் என்று நம்புகிறார்கள். அவர் முகத்தைப் பார்த்தவர் கோரச் சாவு சாவார் என்பது காட்டுவழக்கு. உண்மை தெரிந்தவர்கள் பாண்டர் மக்கள் மட்டும்தான்.

அவர் பறக்க மாட்டார். குண்டு பட்டால் ரத்தம் வரும். அவருடைய வலிமையில் பெரும்பங்கு ‘இவர் சாகாதவர்’ என்ற ஊரின் நம்பிக்கைதான். அவர் சாமி அல்ல, ஆனால் சாமி என்று நம்பப்படுவதால் கிடைக்கும் அதிகாரத்தில் நீதி வழங்குகிறார். என் மாணவன் ‘சாமியா, மனுசனா’ என்று கேட்டது இதைத்தான். ஏழாம் வகுப்புப் பையன் கதையின் முடிச்சில் நேராகக் கையை வைத்துவிட்டான். நான் மணி அடித்துவிட்டது என்று நகர்ந்துவிட்டேன்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. ஐரோப்பிய அரசுகள் ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ஆட்சி செய்த காலத்தில் பிறந்த கதை இது. ஒரு வெள்ளையர் குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் காட்டு மக்களுக்கு நீதி சொல்கிறது. பெங்காலா என்ற நாடு முதலில் ஆசியப் பக்கம் இருந்தது, பிற்காலக் கதைகளில் ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. 1964இல் பம்பாயிலிருந்து இந்திரஜால் காமிக்ஸ் தொடங்கியபோது, வங்காளத்தை நினைவூட்டும் அந்தப் பெயரை ‘டெங்காலி’ என்று மாற்றினார்கள். மூலத்தில் கொள்ளையர் கூட்டத்தின் பெயர் ‘சிங்’. அதை ‘சிங்கா’ ஆக்கினார்கள். நம் நாட்டில் கோடிக்கணக்கானோர் தாங்கும் பெயர் திருடர்களின் பெயராக ஒரு குழந்தையின் கண்ணில் படக் கூடாது என்று ஒரு பதிப்பகம் யோசித்திருக்கிறது. பெயர் என்பது அடையாளம். காமிக்ஸ் கட்டத்துக்குள் இருந்தாலும் அது தைக்கும்.

நம் வேதாளம் வேறு

சிவகாசிக்காரர்கள் இவருக்கு வைத்த பெயரைப் பாருங்கள். வேதாளர். பேய்க்குக்கூட ‘அர்’ விகுதி போட்டு மரியாதை கொடுத்திருக்கிறோம். அந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு நினைவு வருவது விக்கிரமாதித்தன் தோளில் தொங்கும் வேதாளம். 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் ஓவியர் சங்கரின் அந்தப் படம், வாளேந்திய அரசனும் அவன் தோளில் தொங்கும் உடலும், நம்மில் பலருக்கு இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

பெயர் ஒன்றுதான், குணம் நேர் எதிர். அந்த வேதாளம் யார்? கேள்வி கேட்பது. அதுவும் அரசனிடம் கேட்பது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும் என்று அரசனையே மிரட்டுவது. காமிக்ஸ் வேதாளரிடமோ காட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை. இந்த இரண்டு வேதாளங்களையும் ஒரே பாடவேளையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிள்ளைகள் மீதியைத் தாங்களே பேசிக்கொள்வார்கள்.

அதிகாரத்தைக் கேள்வி கேட்பது நம் மதுரைக்குப் புதிதல்ல. நெற்றிக்கண்ணைக் காட்டிய இறைவனிடம் பாட்டில் பிழை இருக்கிறது என்று நக்கீரர் நின்ற ஊர். ஒற்றைச் சிலம்போடு அரசவையில் கண்ணகி நின்ற ஊர். எல்லாம் வல்ல சித்தராக சிவன் வந்தபோதுகூட அபிஷேக பாண்டியன் உடனே காலில் விழவில்லை. கல்யானைக்குக் கரும்பு கொடுத்துக் காட்டுங்கள் என்று சோதித்தான் என்கிறது திருவிளையாடல் கதை. யானைக்கல்லையும் சிம்மக்கல்லையும் தாண்டி இந்தக் கூட்டத்துக்கு வந்தபோது எனக்கு அந்தக் கதைதான் நினைவில் ஓடியது.

இன்னொன்று நமக்கு அன்றாடம் பழகிப்போனதால் கவனிக்காமல் விட்டது. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சியம்மனுக்குப் பட்டாபிஷேகம் செய்து செங்கோல் கொடுக்கிறோம். நான்கு மாதம் அம்மன் ஆட்சி. ஆவணியில் சுந்தரேசுவரருக்குப் பட்டாபிஷேகம். அதன்பின் எட்டு மாதம் சுவாமி ஆட்சி. சாமியாகவே இருந்தாலும் செங்கோல் கைமாறும், தவணை உண்டு. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, “அப்ப வேதாளருக்கு மட்டும் தவணையே கெடையாதா டீச்சர்?” என்றாள். குடிமையியல் பாடத்தில் ‘பதவிக்காலம்’ என்ற சொல்லை விளக்க எனக்கு அதைவிட நல்ல தொடக்கம் கிடைத்ததில்லை.

நான்கு கேள்விகள்

கோடை விடுமுறைக்குப் பிறகு நான் முறையை மாற்றினேன். காமிக்ஸ் படித்து முடித்ததும் கரும்பலகையில் நான்கு கேள்விகளை எழுதுகிறேன். இவருக்கு இந்த வலிமை எங்கிருந்து வந்தது? இவரை யார் நம்புகிறார்கள், ஏன்? இவர் தவறு செய்தால் யார் கேட்பது? இவரைப் போல் யாரெல்லாம் ஆகலாம், யார் ஆக முடியாது?

முதல் கேள்விக்குப் பிள்ளைகளே பட்டியல் போடுவார்கள். இரும்புக்கை மாயாவிக்கு விஞ்ஞானம். ஆய்வுக்கூட விபத்தில் கையை இழந்தவர், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை மட்டும் தெரிய உடல் மறைந்துவிடும். சூப்பர்மேனுக்குப் பிறப்பு. அழியப்போகும் கோளிலிருந்து பெற்றோர் குழந்தையைக் கலத்தில் வைத்து அனுப்புகிறார்கள். அவரைப் படைத்த ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். கூடையில் வைத்து நைல் நதியில் விடப்பட்ட மோசேயின் சாயல் அந்தக் கதையில் இருப்பதைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அதை வேறு மாதிரிக் கண்டுபிடித்தார்கள். “கர்ணனையும் பெட்டியில வச்சுத்தான டீச்சர் ஆத்துல விட்டாங்க?” ஷசாமுக்கு சாலமோன், ஹெர்குலிஸ், ஜூஸ் என்று ஆறு பெரியவர்கள் ஆளுக்கொரு குணத்தைக் கடன் கொடுக்கிறார்கள். தோருக்குத் தெய்வப் பிறப்பே இருக்கிறது. ஆனாலும் தகுதி இருந்தால்தான் சுத்தியலைத் தூக்க முடியும் என்று அதில் எழுதியிருக்கிறது.

தோரின் சுத்தியல் மூன்றாம் கேள்விக்குப் பதில் சொல்கிறது. தகுதி போனால் அதிகாரம் போய்விடும். வேதாளர் கதையிலும் பிற்காலத்தில் ஒரு மாற்றம் வந்தது. லுவாகா என்ற கறுப்பின மருத்துவர் தேர்தலில் வென்று நாட்டின் அதிபராகிறார். காட்டுக்குள் முகமூடி அதிகாரம், தலைநகரில் வாக்குச்சீட்டு அதிகாரம். “இதில் யாரை மாற்ற முடியும்?” என்று கேட்டேன். விடை சொல்லப் பத்து விநாடிகூட ஆகவில்லை.

இரண்டாம் கேள்வி எனக்கு முக்கியம், காரணம் சக்திமான். 1997இல் தூர்தர்ஷனில் தொடங்கிய அந்தத் தொடரை நினைவிருக்கும். சக்திமான் வந்து காப்பாற்றுவார் என்று நம்பிக் குழந்தைகள் ஆபத்தான காரியங்களில் இறங்கியதாகச் செய்திகள் வந்தன. நடிகர் முகேஷ் கன்னாவே திரையில் தோன்றி அறிவுரை சொல்ல வேண்டியிருந்தது. ஆக, நம்பிக்கை விளையாட்டுக் காரியமல்ல. ‘அதெல்லாம் கற்பனை’ என்று ஒரே சொல்லில் மூடுவது அந்தக் குழந்தைகளைக் காப்பாற்றியிருக்காது. எதை, எதுவரை நம்பலாம் என்று பேசிப் பழகிய குழந்தைதான் மாடிச்சுவரின் ஓரத்தில் ஒரு நிமிடம் நிற்கும்.

‘தோல் கலர்’ கிரேயான்

நான்காம் கேள்விக்கு வருகிறேன். இவரைப் போல் யார் ஆகலாம்?

ஓவியம் வரையும்போது “டீச்சர், தோல் கலர் குடுங்க” என்று பிள்ளைகள் கேட்பதை நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். அவர்கள் கேட்பது வெளிர் இளஞ்சிவப்புக் கிரேயான். கேட்கிற கையின் நிறம் வேறு, கிரேயானின் நிறம் வேறு. 1967இல் தொடங்கிய அமர் சித்ர கதா எத்தனையோ பிள்ளைகளுக்குப் புராணத்தையும் வரலாற்றையும் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதே புத்தகங்களில் தேவர்கள் வெளுப்பாகவும் அசுரர்கள் கறுப்பாகவும் வரையப்பட்டதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நல்லவன் என்றால் இந்த நிறம் என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமலே பிள்ளையின் மனத்தில் படிந்துவிடுகிறது.

இந்த இடத்தில்தான் என் மாணவன் வரைந்த கருப்பசாமி எனக்கு மறுபடி மறுபடி நினைவு வருகிறார். நம் மண்ணில் நீதி காக்கும் சாமியின் பெயரே கருப்பு. அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்பருக்கு உருவம்கூடக் கிடையாது. படிகளும் மூடிய கதவும்தான். அந்தக் கதவின் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய இன்றும் ஆள் பயப்படுகிறான். முகம் காட்டாத நீதிபதி நமக்கு 1936இல் அமெரிக்காவிலிருந்து வந்தவரல்ல. கிழக்குக் கோபுரத்தருகே இருக்கும் மதுரைவீரனை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குக் காவல் நின்றவன், மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன், பிறகு ஊரே கும்பிடும் சாமியானவன். கதையின் ஒரு வடிவத்தில் அவன் அரச குலத்தில் பிறந்து சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன். பிறப்பும் அங்கேயேதான் என்பவர்களும் இருக்கிறார்கள். ஒரு வீரனின் பிறப்பை ஏன் மேலே தூக்க வேண்டியிருக்கிறது? எட்டாம் வகுப்புக்கு மேல் இதைப் பேசலாம், பேச வேண்டும்.

அந்த மாணவன் செய்தது என்ன? தன் வீட்டுச் சாமிக்கு ஒரு சிவப்பு அங்கியைப் போட்டு, இவரும் அவர்கள் வரிசையில் நிற்கத் தக்கவர் என்று சொன்னான். தன் நிறத்தை அந்த வரிசையில் நிறுத்தினான். நான் அதை மடிக்கச் செய்து, வெளியூர்க்காரரை வரையச் சொன்னேன்.

இதே கதை காமிக்ஸ் உள்ளேயே நடந்திருக்கிறது. 2014 முதல் தனி இதழாக வந்த ‘மிஸ் மார்வெல்’ நாயகி கமலா கான், அமெரிக்காவில் ஜெர்சி சிட்டியில் வாழும் பாகிஸ்தானிய முஸ்லிம் குடும்பத்துப் பெண். உருவம் மாறும் சக்தி வந்ததும் அவள் முதலில் பொன்னிறக் கூந்தல் கொண்ட வெள்ளைக்கார நாயகியாகத்தான் மாறுகிறாள். நாயகி என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று அவள் மனத்தில் இருந்தது. பிறகுதான் தன் முகத்தோடு, தன் நிறத்தோடு நிற்கத் துணிகிறாள். தொழுகையும் வீட்டுக் கட்டுப்பாடும் அவள் கதையில் இயல்பாக வருகின்றன. நம் நாட்டில் அதே 2014இல் வந்த ‘பிரியாஸ் சக்தி’ படக்கதையில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்ணுக்குப் பார்வதி தேவி துணை நிற்கிறாள், அவள் புலி மேல் ஏறி ஊருக்குத் திரும்புகிறாள். டெல்லியில் 2012இல் நடந்த கொடுமைக்குப் பின் பிறந்த கதை அது.

என் வகுப்புப் பெண்பிள்ளைகளுக்குப் புலி தேவைப்படவில்லை. எட்டுத் திசையும் வென்ற தடாதகைப் பிராட்டி அவர்களுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறாள்.

எங்கே நிறுத்துவது?

இப்போது உங்களில் சிலருக்கு எழும் ஐயம் எனக்குத் தெரியும். அரசுப் பள்ளியில் சாமியைப் பற்றிப் பேசலாமா?

அரசியலமைப்புச் சட்டத்தின் 28ஆவது பிரிவு, முழுவதும் அரசு நிதியில் நடக்கும் கல்வி நிலையத்தில் சமய போதனை கூடாது என்கிறது. அது சரியான சட்டம். நம் வகுப்பில் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். நான் செய்வது போதனை அல்ல, கதை வாசிப்பு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டால் போதாது. பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் அது தெரிய வேண்டும். பட்டுத் தெரிந்துகொண்ட சில நடைமுறைகளைச் சொல்கிறேன்.

முறையை மாற்றிய முதல் மாதத்திலேயே இரண்டு பையன்கள் “எங்க சாமிதான் பெருசு” என்று தொடங்கிவிட்டார்கள். அன்று பாடத்தை நிறுத்தினேன். அதன்பின் ஒரு விதி வைத்தேன். நான்கு கேள்விகளும் காமிக்ஸ் நாயகர்களுக்கு மட்டும். வீட்டுச் சாமியைக் கேள்விக்கு உட்படுத்தச் சொல்லி எந்தப் பிள்ளையையும் கேட்பதில்லை. அவர்களாக விரும்பிக் கொண்டுவந்தால் காது கொடுத்துக் கேட்போம். யாருடையதையும் யாருடையதோடும் ஒப்பிட மாட்டோம்.

ஒரு முஸ்லிம் மாணவி, “எங்க வீட்ல இப்படிப்பட்டவங்களை எல்லாம் வரைய மாட்டோம் டீச்சர்” என்றாள். இம்முறை நான் அவசரப்படவில்லை. “முகமே வரையாமல் கதை சொல்ல முடியுமா, பார்” என்றேன். அவள் பாட்டி சொன்ன கதையை விளக்கு, கிணறு, ஒரு ஜோடிச் செருப்பு, பேச்சுக் குமிழ்கள் இவற்றை மட்டும் வைத்து எட்டுக் கட்டங்களில் வரைந்தாள். ஒரு முகம் இல்லை. அந்த ஆண்டு எங்கள் வகுப்பில் வந்த சிறந்த படக்கதை அதுதான். தாவீது கோலியாத்தைக் கவண்கல்லால் வீழ்த்தியதை ஒருவன் வரைந்தான். ஒருவன் சாமியே வேண்டாம் என்று தூய்மைப் பணியாளரான தன் அம்மாவை வரைந்தான். அம்மாவின் ஒளிரும் பச்சை மேற்சட்டையே அவன் நாயகியின் உடை.

ஒரு தந்தை தொலைபேசியில் கோபப்பட்டார். “சாமியை கார்ட்டூனா வரையச் சொல்றீங்களாமே?” நேரில் வரச் சொன்னேன். பிள்ளைகளின் படங்களைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரே தங்கள் ஊர்க் கோயில் குதிரை எடுப்புத் திருவிழாவைப் பற்றி, மண் குதிரை செய்யும் வேளாரைப் பற்றி வகுப்பில் கால் மணி நேரம் பேசினார். எல்லாப் பெற்றோரும் அப்படி இருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். முன்கூட்டியே தலைமையாசிரியரிடமும் பெற்றோரிடமும் சொல்லிவிட்டுத் தொடங்குவது நல்லது.

இதற்குப் பெரிய செலவில்லை. பள்ளிக்கு வரும் ஊஞ்சல், தேன்சிட்டு இதழ்களில் படக்கதைகள் இருக்கின்றன. ஒரு தாளை எட்டாக மடித்தால் எட்டுக் கட்டம். நூலகப் பாடவேளை ஒன்று போதும்.

நம் முகமூடி

நிறைவாக ஒன்று. அதிகாரம், நம்பிக்கை, முகமூடி என்று பேசிக்கொண்டே வந்தபோது எனக்கு உறைத்த விஷயம், வகுப்பறையில் அந்த வேதாளர் நாம்தான் என்பது. நம் கையில் இருக்கும் சிவப்புப் பேனா அவர் விரலில் இருக்கும் மண்டையோட்டு மோதிரம். அது பட்ட இடத்தில் தழும்பு நிற்கும். நமக்கு எல்லாம் தெரியும் என்று பிள்ளை நம்புகிறது. அந்த நம்பிக்கையில்தான் நாம் சொல்வது செல்லுகிறது.

வந்திக் கிழவியின் பிட்டுக்கு மண் சுமந்த கதை நம் ஊர்க் கதை. கூலியாள் வேடத்தில் வந்தவர் யாரென்று தெரியாமல் பாண்டியன் பிரம்பால் அடித்தான். அந்த அடி அரசன் உட்பட எல்லார் முதுகிலும் விழுந்தது. ஆண்டுதோறும் பிட்டுத் திருவிழா பார்க்கிறோம். எதிரே நிற்பது யாரென்று தெரியாமல் பிரம்பை ஓங்கக் கூடாது என்பதை நான் வகுப்பறையில் மறந்துவிட்டேன்.

அந்த மாணவன் இப்போது பதினொன்றாம் வகுப்பு. சென்ற மாதம் ஒரு சான்றிதழுக்காகப் பள்ளிக்கு வந்தான். நன்றாக உயர்ந்துவிட்டான், மீசை அரும்பியிருக்கிறது. “அந்தக் கருப்பசாமி படம் இருக்காப்பா?” என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தான். “அது எங்க போச்சுன்னு தெரியல டீச்சர். அந்த ஸ்பைடர்மேன் இருக்கு. மிக நன்றுன்னு போட்டுக் குடுத்தீங்கல்ல, அம்மா அதை வீட்ல ஒட்டி வச்சிருக்காங்க” என்றான். சந்தோஷமாகத்தான் சொன்னான்.

அவன் கேட்ட கேள்விக்கு நான்கு ஆண்டு கழித்துப் பதில் சொன்னேன். வேதாளர் மனுசன்தான், சாமி என்று ஊர் நம்பியதால் நின்றவர் என்றேன். “அப்ப ஊரு நம்பலைன்னா?” என்றான். பேசிக்கொண்டே வாசல் வரை நடந்தோம்.

நாளை உங்கள் வகுப்பிலும் ஒரு பிள்ளை விசித்திரமான ஒரு படத்தை நீட்டும். பேனாவைத் திறக்கும் முன், “இது யாருப்பா? சொல்லு, கேட்போம்” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதற்காகத்தான் இவ்வளவும் பேசினேன்.